பழைய பொருள்களால் ஆன கலையைக் குப்பை எனலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு மலரின் வாசகர் கடிதப் பகுதியில், கோலாலம்பூரில் தாம் பார்த்த கலைக்காட்சி ஒன்றைப் பற்றி அன்பர் ஒருவர் மனம் வெதும்பி எழுதியிருந்தார். பழைய தகரத்தையும் அறுந்த செருப்பையும் நெளிந்த வாளியையும் தரையில் பரப்பி வைத்துவிட்டு அதற்குக் கலை என்று பெயர் சூட்டுவது மக்களை ஏமாற்றும் வேலை என்பதும், ஓவியமும் சிற்பமும் பல்லாண்டுப் பயிற்சியால் கைவரும் கலைகளாக இருக்க, இவர்கள் குறுக்குவழியில் பெயர் தேடுகிறார்கள் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். அவர் குறிப்பிட்ட காட்சிக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சியோடு நில்லாமல், அன்றாடப் பொருள்களைக் கொண்டு செய்யப்படும் கலை முழுவதையும் அவர் ஒரே வீச்சில் குப்பை என்று தள்ளிவிட்டார். இத்துறையை நெடுங்காலமாக ஆர்வத்தோடு கவனித்து வருபவன் என்ற முறையில் அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதிலும், இக்கலையில் உலகம் அறிந்த ஒருவர் நம் மலேசியாவின் போர்ட்டிக்சனில் வளர்ந்தவராக இருக்கும்போது.

சிம்ரின் கில் என்ற அந்தக் கலைஞர் 1959ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவர், இந்திய வம்சாவளியினர், போர்ட்டிக்சனில் வளர்ந்து, இப்போது ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் போர்ட்டிக்சனிலுமாக வாழ்ந்து பணியாற்றி வருகிறார். 2013ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில் நடைபெற்ற ஈராண்டுக் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் அந்நாட்டு அரங்கில் தம் படைப்புகளை வைத்தவர். அப்போது அரங்கின் கூரையில் ஒரு பகுதியைத் திறந்துவிடச் செய்து, மழையும் வெயிலும் உதிரும் இலைகளும் படைப்புகளின் மேல் விழட்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் செந்தூல் வட்டாரத்தில் தமிழ் நாளேடு வாசிக்கும் நண்பர்கள் பலரிடம் இவரைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். பெயரைக்கூடக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. சிட்னியில் அறியப்பட்ட ஒருவர் செந்தூலில் அறியப்படாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

'கைவேலை எங்கே?' என்று அன்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். 1999ஆம் ஆண்டிலிருந்து சிம்ரின் கில் செய்துவரும் 'முத்துகள்' என்ற தொடர்பணியை இதற்கு விடையாகச் சொல்லலாம். தமக்குத் தெரிந்தவர்களிடம் அவர்கள் விரும்பும் புத்தகம் ஒன்றைக் கொடுக்கும்படி அவர் கேட்பார். அதன் தாள்களைக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் விரலால் இறுகச் சுருட்டி ஒட்டி மணியாக்குவார். எல்லா மணிகளையும் கோத்து மாலையாக்கி, புத்தகத்தைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். மணியை அருகில் வைத்துப் பார்த்தால் வரிகளின் துண்டுகள் சுருளின்மேல் வளைந்து ஓடுவது தெரியும். ஓர் எழுத்தின் காலும் மற்றோர் எழுத்தின் தலையும் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். இனி அந்தப் புத்தகத்தை எவராலும் வாசிக்க முடியாது. ஆனால் அதை நேசித்தவர் கழுத்தில் அணிந்துகொள்ள முடியும். ஒரு முழுப் புத்தகத்தையும் இப்படிச் சுருட்டுவதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்பதை, பூக்கட்டும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைக் குறுக்குவழி என்று சொல்ல எப்படி மனம் வரும்?

அவருடைய வேறொரு படைப்பு அன்பர் வெறுத்தொதுக்கிய தகரத்துக்கே வருகிறது. சாலையில் லாரியும் காரும் ஏறி நசுக்கிப் போட்ட பொருள்களை 1999, 2000ஆம் ஆண்டுகளில் அவர் பொறுக்கிச் சேர்த்தார். தட்டையாகிப்போன அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றின் அடியிலும் பொம்மை வண்டியின் சிறு சக்கரங்களைப் பொருத்தித் தரையில் கூட்டமாக நிறுத்தினார். சக்கரத்தில் அரைபட்டது சக்கரம் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது! முதலில் குழந்தைத்தனமான உற்சாகம்தான் பார்ப்பவருக்கு வரும்; சற்று நின்று பார்த்தால், வளர்ச்சி என்ற பெயரில் சாலைகள் போட்டுக்கொண்டே போகும் ஒரு நாட்டில் ஓரத்தில் கிடப்பவை எவை என்ற கேள்வியும் கூடவே வரும்.

1992ஆம் ஆண்டு அவர் செய்த படைப்பு ஒன்றில் முள்கரண்டிகளும் கரண்டிகளும் கத்திகளும் காய்ந்த மிளகாய்களும் தரையில் ஒரு பெரிய சுருள்வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சுற்று வெள்ளி நிறம், அடுத்த சுற்று மிளகாய்ச் சிவப்பு. துரை பங்களாவின் சாப்பாட்டு மேசையையும் அந்த பங்களாவின் பின்கட்டுச் சமையலறையையும் தெரிந்த நம் தோட்டப்புறத்து முதியவர்கள் இதைப் பார்த்தால், எந்த விளக்கக் குறிப்பும் இல்லாமலே அவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும் என்று நான் நம்புகிறேன். நம்முடையது என்று நாம் உரிமை கொண்டாடும் மிளகாயே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கீசியர் கப்பலேறி நம்மிடம் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தச் சுருள் இன்னும் நீளும். 2007ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசெல் நகரில் நடைபெற்ற பெருங்காட்சிக்காக, ஒரு பழைய டாடா லாரியின் உள்ளுறுப்புகளை ஆற்றுக் களிமண், கரையான் புற்று மண், பழத்தோல், இலை, மரப்பட்டை போன்றவற்றால் அவர் திரும்ப வார்த்தெடுத்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இரும்பில் இருந்த அதே வடிவம் மண்ணிலும் தோலிலும் எழுந்து நின்றது.

'இதெல்லாம் மேற்கத்திய மோகம்' என்றும் அன்பர் எழுதியிருந்தார். இந்தக் கருத்து நம்மிடையே பரவலாக இருப்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1917ஆம் ஆண்டு நியூயார்க்கில், பீங்கானால் ஆன சிறுநீர்க் கலம் ஒன்றைக் கடையில் வாங்கி, அதில் 'ஆர். மட்' என்ற பெயரில் கையெழுத்திட்டு ஒரு காட்சிக்கு அனுப்பியதையும், கட்டணம் செலுத்திய அனைவரது படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்திருந்த அந்த அமைப்பினரே அதைக் காட்சிக்கு வைக்க மறுத்ததையும் கலை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். அங்கே முக்கியமானது கலைஞரின் தேர்வு. பொருளுக்கென்று தனிக் கதை எதுவும் இல்லை. எவர் கையும் படாத புதுப் பொருள் அது. அழகு, அழகின்மை என்ற எந்த உணர்வையும் தூண்டாத பொருள்களையே தேடி எடுத்ததாகத் துஷாம்பே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கோலாலம்பூரில் நடந்தது வேறு. 1974ஆம் ஆண்டு, நம் தேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் ரெட்சா பியதாசா, சுலைமான் ஏசா என்ற இரு கலைஞர்கள், மறைஞான மெய்மையை நோக்கி என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கூட்டுக் காட்சியை நடத்தினார்கள். பியதாசா குவாந்தானில் பிறந்தவர், இலங்கை வம்சாவளியினர். அக்காட்சியில் சட்டமிட்ட ஓவியங்கள் இல்லை. பலர் அமர்ந்தெழுந்த ஒரு வெற்று நாற்காலி இருந்தது. பாதி குடித்து வைத்த இரண்டு கோக்கோ கோலா போத்தல்கள் இருந்தன. ஓர் இரவில் கொசுவை விரட்டுவதற்காகக் கொளுத்தி எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருள்கள் இருந்தன. இருவரும் ஏழு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒரு பூந்தொட்டிச் செடி இருந்தது. 1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46 மணிக்குப் பறவையை விடுவித்த பின் வெறுமையாக நின்ற பறவைக்கூண்டும், 1973 டிசம்பர் 13, வியாழக்கிழமை மாலை 4.23 மணிக்குக் கிள்ளான் குப்பைமேடு ஒன்றில் கண்டெடுத்த, யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டிய ஒரு மழையங்கியும் இருந்தன. இந்த நாளும் நேரமும் அவர்கள் சூட்டிய தலைப்புகளிலேயே உள்ளவை. பொருளை வடிவமாகப் பார்ப்பது மேற்கின் வழக்கம், காலத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு நிகழ்வாகப் பார்ப்பது கீழை மரபின் வழக்கம் என்பதே அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் அடிப்படை. ஆக, மேற்கத்திய மோகம் என்று நாம் எதை இகழ்கிறோமோ அதை எதிர்த்தே நம் நாட்டில் இக்கலை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய அடியை எடுத்து வைத்திருக்கிறது. கிள்ளான் குப்பைமேட்டில் கிடந்த மழையங்கிக்கு உரியவர் ஒருவர் இருந்தார் என்று நினைவுபடுத்தும் ஒரு படைப்பைக் குப்பை என்று தள்ளுவதற்கு முன் நாம் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அக்காட்சியில் இருந்தவற்றுள் என்னை மிகவும் பாதிக்கும் பொருள், பெட்டாலிங் ஜெயாவின் முடிதிருத்தும் கடை ஒன்றிலிருந்து திரட்டப்பட்ட மனித முடி. 1969ஆம் ஆண்டு மே மாத இனக் கலவரம் நடந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. வெட்டப்பட்டுக் கடையின் தரையில் விழுந்து, விளக்குமாற்றால் ஒன்றாகக் கூட்டப்பட்ட முடியில் எது மலாய்க்காரருடையது, எது சீனருடையது, எது தமிழருடையது என்று யாரால் பிரித்தெடுக்க முடியும்? இது என் வாசிப்பு. அந்த இருவரும் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவர் தம் அனுபவத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு இடம் விட்டிருக்கிறார்களே, அதுதான் அப்படைப்பின் வலிமை. பெங்களூரைச் சேர்ந்த ஷீலா கௌடாவும் முடியைக் கொண்டு 2009ஆம் ஆண்டு ஒரு படைப்பைச் செய்தார். கோயில்களில் காணிக்கையாக இறக்கப்பட்ட முடியைத் திரித்துச் செய்த கயிறுகளைக் கண்ணேறு படாமல் இருக்க வண்டிகளில் கட்டும் வழக்கத்தை வைத்து, ஏறத்தாழ 4,000 மீட்டர் நீளமுள்ள முடிக்கயிற்றில் காரின் இரும்பு பம்பர்களைத் தொங்கவிட்டார். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் பிள்ளைக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசிய தலையைத் தடவிப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் அந்தக் கயிற்றின் கனம் புரியும். ஒவ்வொரு இழையின் பின்னாலும் ஒரு வேண்டுதல் இருக்கிறது.

பயன்படுத்தும் பொருளை அன்றாட வேலையிலிருந்து சற்று விலக்கி வைத்து அதையே உற்றுப் பார்ப்பது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. ஆயுத பூசையன்று ஸ்பேனரையும் சுத்தியலையும் தையல் இயந்திரத்தையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக வைக்கிறோம். அன்று அவற்றை வேலைக்கு எடுப்பதில்லை. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் குடும்பங்களில் பிறந்த எங்களில் பலருக்கு, ஒரு கருவியை முதன்முதலாக முழுமையாகப் பார்த்த நினைவே அந்த நாளைச் சேர்ந்தது. மற்ற நாள்களில் கருவி கையின் ஒரு பகுதியாக ஓடிக்கொண்டிருக்கும். அன்று மட்டும் அதன் தேய்மானமும் பிடியின் வழவழப்பும் நம் கண்ணில் படும். பூசைக்கும் கலைக்காட்சிக்கும் நோக்கம் வேறு என்பதை நான் அறிவேன். பார்க்கும் முறை மட்டும் நமக்கு அந்நியமானதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, தகரமும் செருப்பும் எல்லாரிடமும் இருக்கின்றனவே, யார் அடுக்கினாலும் கலையாகிவிடுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆகாது. இங்கேதான் அன்பரோடு நான் ஓரளவு உடன்படுகிறேன். பழைய பொருளை வைத்துச் செய்யப்படும் வேலைகளில் சோம்பலானவையும் போலியானவையும் நிறைய உண்டு. ரப்பர் தோட்டத்துப் பழைய பொருள்கள் இப்போது வியாபாரிகளால் வாங்கப்பட்டு உணவகச் சுவர்களுக்கு அலங்காரமாகப் போகின்றன. அங்கே ரப்பர் பால் பிடிக்கும் மங்கும் தலைவிளக்கும் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பும் அழகாகத் துடைக்கப்பட்டு, வார்னிஷ் பூசப்பட்டு, யாருடைய கையும் படாத பொருள்களைப் போல மாட்டப்பட்டிருக்கும். அந்த அலங்காரத்தையே கொஞ்சம் பெரிதாகச் செய்து கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இத்தகைய படைப்புகளை மதிப்பிட ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எவர் கையில் எதற்காக உழைத்தது என்ற உண்மையைக் கலைஞர் காப்பாற்றினாரா, துடைத்துவிட்டாரா? சிம்ரின் கில் காப்பாற்றுகிறார். பியதாசாவும் சுலைமான் ஏசாவும் நாளும் மணியும் குறித்துக் காப்பாற்றினார்கள்.

என் தாயார் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய கத்தி எங்கள் வீட்டில் இருக்கிறது. அலகின் முனை மடிந்து வளைந்திருக்கும். அந்த மடிப்புதான் பட்டையைத் தாள்போல் மெல்லிதாகச் சீவும். ஆழம் கொஞ்சம் கூடினாலும் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே சரியாக வெட்ட முடியாது. நாள்தோறும் விடியுமுன் தீட்டித் தீட்டி அலகு பாதியாகக் குறைந்துவிட்டது. மரப்பிடியில் கட்டைவிரல் பதிந்த இடம் மட்டும் குழிந்து பளபளவென்று இருக்கும்; பிடியின் மற்ற பாகமெல்லாம் காய்ந்த பால் படிந்து கறுத்துக் கிடக்கிறது. அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு வார்னிஷ் பூசினால் அது யாருடைய கத்தியாகவும் ஆகிவிடும். அதை அப்படியே வைத்து, அதன் குழிவையும் கறுப்பையும் எவரும் தவறவிடாதபடி நம் கண்முன் நிறுத்தத் தெரிந்த ஒருவர் வந்தால், அவரைக் கலைஞர் என்று சொல்ல நான் ஒரு கணமும் தயங்கமாட்டேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது கையோடு கொண்டுவந்தவை இத்தகைய சில பொருள்களே. கல்வெட்டும் அரண்மனையும் இல்லாத ஒரு சமூகத்துக்கு இவைதாம் சான்றுகள்.

இதைத் தமிழர் ஒருவர் செய்து காட்டியும் இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன், 2004ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடைபெற்ற காட்சி ஒன்றில், குடாநாட்டு வீடுகளிலிருந்து மாணவர்களோடு சேர்ந்து திரட்டிய அன்றாடப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தார். 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டி எழுப்பப்பட்ட அதே நூலகம் அது. நூல்கள் சாம்பலாகிய இடத்தில், போரைக் கடந்து வந்த வீட்டுப் பொருள்கள் வரலாறாக வந்து நின்றன. விலை என்று பார்த்தால் அவற்றில் பல எதற்கும் பெறாதவை. ஆனால் அவற்றைக் கொடுத்த ஒவ்வொரு வீட்டாருக்கும், ஏன் அதைக் கொடுக்கிறோம் என்று சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும் அல்லவா? நம் நாட்டில், சஞ்சிக் கூலிகள் எனப்பட்ட ஒப்பந்தக் கூலிகளாகவும், கங்காணிகள் ஆள் திரட்டிய முறையிலும் வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் வீடுகளில் இருக்கும் பொருள்களைக் கொண்டு இப்படி ஒரு பெரும்பணியை நம் இளம் கலைஞர்கள் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குத் திறமை உள்ளவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளை கலைக்கல்லூரிக்குப் போக வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி வருமானத்தைப் பற்றியது என்றால், இரண்டாவது கேள்வி 'குப்பை பொறுக்கவா போகிறாய்?' என்பது. சென்ற வாரக் கடிதம் அந்த இரண்டாவது கேள்விக்கு அச்சு வடிவம் கொடுத்துவிட்டது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது.

அன்பருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஜாலான் தெமர்லோவில் உள்ள தேசிய கலைக்கூடத்துக்கு ஓய்வான ஒரு நாளில் வாருங்கள். அன்றாடப் பொருள்களால் ஆன படைப்பு எதையேனும் பார்க்க நேர்ந்தால், இது அழகாக இருக்கிறதா என்ற கேள்வியைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, இது யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அது போலி என்று தோன்றினால், எந்த இடத்தில் போலி என்று விரிவாக எழுதுங்கள். அத்தகைய விமர்சனம் இக்கலைக்கு மிகவும் தேவை, நானும் அதை விரும்பி வாசிப்பேன்.

ஆசிரியர் அவர்களிடமும் கேட்டுக்கொள்வதற்கு இரண்டு செய்திகள் உள்ளன. கலைக்காட்சிகளைப் பற்றிய செய்திகளில் யார் திறந்து வைத்தார், யார் மாலை அணிவித்தார் என்பதோடு நின்றுவிடாமல், படைப்புகள் என்ன பொருளால் ஆனவை, அப்பொருள்களைக் கலைஞர் எங்கிருந்து பெற்றார், எந்த ஆண்டு செய்தார் என்ற விவரங்களையும் கேட்டு வெளியிட வேண்டும். கலைக்கூடங்களின் குறிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலுமே கிடைப்பதால், நம் முதியவர்களுக்கு இவை தமிழில் கிடைக்க நாளிதழை விட்டால் வேறு வழி இல்லை. அடுத்ததாக, தோட்டப்புறத்திலிருந்தும் ரயில் குடியிருப்புகளிலிருந்தும் வந்த பொருள்களை வைத்திருக்கும் வாசகர்களிடம் அவற்றின் படங்களைக் கேட்டு வாங்கி, பொருளின் பெயர், அதைப் பயன்படுத்தியவர் குடும்பத்துக்கு என்ன உறவு, எந்தத் தோட்டம் அல்லது பட்டறை, எந்த ஆண்டு வரை பயன்பாட்டில் இருந்தது என்ற விவரங்களோடு வெளியிடலாம். கலை பயிலும் நம் பிள்ளைகள் தேடிப் போவதற்கு அது ஒரு முகவரியாக இருக்கும். இதற்கெனத் தனிப் பக்கம் வேண்டியதில்லை. ஞாயிறு மலரில், தீபாவளி, பொங்கல் சிறப்பிதழ்களில் மட்டுமல்லாமல் வாரந்தோறும், கால் பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செந்தூல், கோலாலம்பூர்.